ஒன்றிரண்டு மாட்டுக்குப் பால் கறக்கும் மெஷின் தேவையா? வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கவனிக்க வேண்டியவை என்ன?

"பால் கறக்க ஆள் கிடைக்கலை..."

கொங்கு மண்டலம் தொடங்கி டெல்டா வரை, மாடு வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஊருக்கு ஒருவர் இருவர் என்று இருந்த கறவைக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கோ விரல் மூட்டு வலி. இந்த நேரத்தில் செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது: பட்டனைத் தட்டினால் போதும், சில நிமிடங்களில் பால்!

பெரிய பண்ணைகளில் மட்டும் இருந்த பால் கறக்கும் மெஷின், இப்போது ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளையும் தேடி வருகிறது. நல்ல மெஷின் கைவலியைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால், தரமில்லாத மெஷினும், சரியாகக் கழுவாத மெஷினும் மடிநோயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது? எப்படிச் சுத்தமாகப் பயன்படுத்துவது?

மெஷின் எப்படிப் பால் கறக்கிறது?

மெஷின் பாலை உறிஞ்சி எடுக்கிறது என்பது பாதி உண்மைதான். கன்று ஊட்டுவதைக் கவனித்தால் மீதி புரியும். கன்று உறிஞ்சும், விழுங்கும், மறுபடி உறிஞ்சும். அந்த இடைவெளியில்தான் காம்புக்கு ஓய்வு கிடைக்கிறது.

மெஷினில் ஒவ்வொரு காம்புக்கும் ஒரு கப் உண்டு. வெளியே உலோக உறை, உள்ளே லைனர் எனப்படும் ரப்பர் குழாய். மோட்டார் உருவாக்கும் உறிஞ்சும் அழுத்தத்தை, அதாவது வேக்குவத்தை, பல்சேட்டர் என்ற சிறு பாகம் விட்டுவிட்டுக் கொடுக்கிறது. லைனர் விரியும்போது பால் வரும். சுருங்கும்போது காம்பை மெல்ல அமுக்கி, அங்கே தேங்கிய ரத்தத்தை ஓட வைக்கும். இது நிமிடத்துக்குச் சுமார் 60 முறை நடக்க வேண்டும்.

பல்சேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் காம்புக்கு ஓய்வே இருக்காது. காம்பு வீங்கும், நுனி தடித்துப்போகும். அந்தப் புண் வழியாகத்தான் கிருமி மடிக்குள் நுழைகிறது.

யாருக்கு மெஷின்? யாருக்கு வேண்டாம்?

முதலில் நேரக் கணக்கு. கை பழகியவர் ஒரு மாட்டைக் கறக்கப் பத்து நிமிடம் போதும். மெஷின் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் கறந்துவிடும். ஆனால் அதை மாட்டி, கழற்றி, கழுவி வைக்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆக, ஒரே ஒரு மாட்டுக்கு மெஷின் நேரத்தை மிச்சப்படுத்தாது. அது மிச்சப்படுத்துவது கையின் உழைப்பை மட்டும்தான்.

அடுத்து பணக் கணக்கு. உதாரணத்துக்கு மெஷின் விலை 40,000 ரூபாய், அது எட்டு வருடம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5,000 ரூபாய் ஆகிறது. லைனர், கழுவும் பவுடர், அயோடின் மருந்து எல்லாம் சேர்த்து இன்னொரு 4,000 ரூபாய். மொத்தம் 9,000. தினமும் 10 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கும் மாடு என்றால் 3,000 லிட்டர். அதாவது லிட்டருக்கு 3 ரூபாய் செலவு.

இந்த 3 ரூபாய் சின்னத் தொகை இல்லை. பசும்பாலுக்கான ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக உயர்ந்தது. 2023 டிசம்பரில் அரசு ஊக்கத்தொகையாக மேலும் 3 ரூபாய் அறிவித்தது. ஒரு மாட்டுக்காக மெஷின் வாங்கினால் அந்த ஊக்கத்தொகை அளவுக்கு அதிலேயே கரைந்துவிடும். அதே மெஷினில் இரண்டு மாடு கறந்தால் செலவு கிட்டத்தட்ட பாதியாகும்.

காங்கேயம், உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகள் தரும் பால் குறைவு. கன்றுக்குப் போக மிஞ்சுவதைக் கையால் கறப்பதே நல்லது. ஜெர்சி, ஹெச்.எஃப். கலப்பின மாடுகள் இரண்டு மூன்று இருக்கும் வீட்டுக்கும், கை வலியால் மாட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கும் மெஷின் கைகொடுக்கும்.

கடையில் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. பல்சேட்டர் இருக்கிறதா? ஒரு பம்ப், ஒரு டப்பா, காம்பில் வைக்க ஒரு குழாய் என்று மலிவாக விற்கும் கருவிகளில் பல்சேட்டரும் லைனரும் இல்லை என்றால் தொடவே வேண்டாம். இருந்தால், கப்புக்குள் கட்டை விரலை விட்டு மெஷினை ஓடவிடுங்கள். விரலை விட்டுவிட்டு அமுக்க வேண்டும். செல்போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுங்கள், 60-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. அழுத்தமானி இருக்கிறதா? கேன் வைத்துக் கறக்கும் சிறிய மெஷின்களில் வேக்குவம் பொதுவாக 42 முதல் 50 கிலோ பாஸ்கல் வரை இருக்கும். சில மானிகளில் இது பாதரச அளவில் இருக்கும்: 315 முதல் 375 மில்லிமீட்டர், அல்லது சுமார் 12.5 முதல் 15 அங்குலம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் கட்டாயம் வேண்டும். "அழுத்தம் கூட வச்சா சீக்கிரம் கறக்கும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மாட்டின் காம்புதான் அதற்கு விலை கொடுக்கும்.

3. லைனர் அளவு. உங்கள் மாட்டின் காம்பு மெலிதா, தடித்ததா, குட்டையா என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெரிய லைனர் மேலே ஏறி மடியின் அடியைக் கவ்வும், பால் அடைபடும். சிறியது காம்பை நெரிக்கும். எருமைக்கும் பசுவுக்கும் ஒரே லைனர் சரிவராது.

4. கேன். துருப்பிடிக்காத ஸ்டீல் கேன் நல்லது. அலுமினியத்தைக் காரமான கழுவும் பவுடர் அரித்துவிடும். எந்தப் பாகமும் கையால் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

5. மோட்டாரும் பம்பும். ஆயில் போடும் பம்ப் என்றால் ஆயிலைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஆயில் இல்லாத பம்ப் என்றால் தேயும் பாகத்தை எப்போது மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதைப் பிளக்கும் சத்தம் இருந்தால் மாடு மிரளும். மிரண்ட மாடு பால் சுரக்காது.

6. சர்வீஸ். லைனரும் குழாயும் பக்கத்து ஊரிலாவது கிடைக்குமா? உங்கள் மாட்டிலேயே கறந்து காட்டுவார்களா? இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

இன்னொன்று: கரன்ட் போகும் நாளும் வரும். வீட்டில் ஒருவராவது கையால் கறக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் கட்டை விரலை மடக்கி இழுக்காமல், முழுக் கையால் பிடித்துக் கறக்க வேண்டும்.

கறக்கும் முன்: முக்கியமான ஒரு நிமிடம்

மடியைத் தொட்டுத் துடைத்ததும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். பாலை இறக்கிவிடுவது அதுதான். அது வேலை செய்ய ஒரு நிமிடம் ஆகும், சில நிமிடங்களிலேயே அடங்கிவிடும். எனவே மடியைத் துடைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் கப்பை மாட்டிவிட வேண்டும்.

வரிசை இதுதான்: கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். திரியோ, தண்ணீர் போன்ற பாலோ, ரத்தமோ தெரிந்தால் மெஷின் மாட்ட வேண்டாம், கால்நடை மருத்துவரை அழையுங்கள். நன்றாக இருந்தால் காம்பைச் சுத்தம் செய்து, காம்புக்கு ஒரு துணி என்ற கணக்கில் ஈரம் போகத் துடையுங்கள். ஈரக் காம்பில் கப் வழுக்கும், அழுக்குத் தண்ணீரும் பாலோடு உள்ளே போகும்.

கன்றை விட்டுப் பால் இறக்கும் பழக்கம் இருந்தால், கன்றின் எச்சிலைக் கழுவித் துடைத்த பிறகே மெஷின். கன்று இல்லாமல் பால் இறங்கவில்லை என்று ஊசி போடுவது தீர்வு இல்லை. பால் சுரப்பைக் கூட்டுவதற்காக மாட்டின் உடலுக்குக் கெடுதல் செய்யும் ஊசி போடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கறந்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும்?

பால் வரத்து மெலிந்ததும் மெஷினை நிறுத்துங்கள். முதலில் வேக்குவத்தை மூட வேண்டும், பிறகுதான் கப்பைக் கழற்ற வேண்டும். அப்படியே பிடித்து இழுத்தால் காம்பு நுனி கிழியும், கப்புக்குள் இருக்கும் பால் மடிக்குள் திருப்பி அடிக்கும்.

அதற்காகப் பாதியிலேயே நிறுத்தவும் கூடாது. கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அது மடியிலேயே நின்றுவிட்டால் சங்கத்தில் பாலின் சத்து குறைவாகக் காட்டும், விலையும் குறையும். கப்பைக் கழற்றியதும் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மடி தளர்ந்து இருந்தால் போதும், ஒட்டக் கறக்கத் தேவையில்லை.

உடனே நான்கு காம்பையும் அயோடின் கலந்த காம்பு மருந்தில் முக்கி எடுங்கள். பிறகு தீவனம் வைத்து அரை மணி நேரமாவது மாட்டை நிற்க வையுங்கள். கறந்தவுடன் காம்புத் துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் சாணத்தில் படுத்தால் கிருமிக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி.

மடிநோய் உள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், அதுவும் தனியாக, கையால். அந்தப் பாலை நல்ல பாலோடு சேர்க்கக் கூடாது.

கழுவுவதுதான் பாதி வேலை

கையால் கறக்கும்போது கழுவ வேண்டியது ஒரு பாத்திரம். மெஷினில் குழாய், கப், லைனர், மூடி எல்லாம் பால் பட்ட இடம்தான்.

• கறந்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு வாளியில் நான்கு கப்பையும் முக்கி மெஷினை ஓடவிட்டால் தண்ணீர் குழாய் வழியாகக் கேனுக்கு வரும். நடுநடுவே கப்பை மேலே தூக்கினால் காற்றும் சேர்ந்து உள்ளே நன்றாக அலசும். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு உறையும், கொதிநீரில் பாலின் புரதம் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் அலசல் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும்.

• அடுத்து, பால் கருவிகளுக்கான பவுடர் கலந்த சுமார் 70 டிகிரி வெந்நீர். அது ஆறிப்போகும் முன் பிரஷ் போட்டுத் தேய்த்து முடிக்க வேண்டும். நுரை பொங்கும் பாத்திர சோப்பு வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

• வாரம் ஒருமுறை அமிலக் கழுவல். உப்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீர் என்றால் வெள்ளைப் படிவு சீக்கிரம் படியும், அப்போது கூடுதல் முறை தேவைப்படும். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. விஷவாயு வரும்.

• கடைசியாக எல்லாவற்றையும் தலைகீழாகத் தொங்கவிட்டு, நிழலில் உலர வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த வேளைக்குள் கிருமி பெருகிவிடும்.

ரப்பர் லைனரின் ஆயுளைப் பல நிறுவனங்கள் கறவை எண்ணிக்கையில் சொல்கின்றன. ஒரு மாட்டை இரண்டு வேளை கறந்தால் வருடத்துக்கு 730 கறவைதான் ஆகும். அதற்காக வருடக்கணக்கில் போட்டு ஓட்டக் கூடாது. ரப்பர் தானாகவே பழசாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

பாலை என்ன செய்வது?

மடியிலிருந்து வரும் பால் சுமார் 38 டிகிரி சூட்டில் இருக்கும். கிருமி வளர இதைவிட வசதியான இடம் இல்லை. உடனே வடிகட்டிச் சங்கத்துக்குக் கொண்டுபோங்கள். தாமதமானால் கேனைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். வீட்டுத் தேவைக்கு எடுக்கும் பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

மாடு காட்டும் அறிகுறிகள்

கப்பைக் கழற்றியதும் காம்பைப் பாருங்கள். நீலம் பாய்ந்தோ, கன்றிச் சிவந்தோ இருந்தால் அழுத்தமோ பல்சேட்டரோ சரியில்லை. நுனியில் சொரசொரப்பான வளையம் தெரிந்தால் பால் நின்ற பிறகும் மெஷின் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். அமைதியாக நின்ற மாடு திடீரென உதைத்தால், அடிப்பதற்கு முன் மெஷினைச் சோதியுங்கள்.

வெளியே தெரியாத மடிநோயைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூளைக் கரையுங்கள். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு கரைசல் சேர்த்துச் சுழற்றுங்கள். கூழ் போலக் கெட்டியானால் அந்தக் காம்பில் பிரச்சினை. அந்தப் பாலைக் கீழே கொட்டிவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மெஷின் வாங்கிய முதல் மாதங்களில் வாரம் ஒருமுறை இதைச் செய்து பார்ப்பது நல்லது.

முடிவு என்ன?

வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள்: காலையும் மாலையும், மழையானாலும் விசேஷ நாளானாலும், கறந்து முடித்ததும் வெந்நீர் வைத்து 20 நிமிடம் கழுவ வீட்டில் ஆள் இருக்கிறதா?

இருந்தால், அழுத்தமானியும் நல்ல பல்சேட்டரும் உள்ள மெஷின் உங்கள் கைக்கும் நல்லது, மாட்டுக்கும் கெடுதல் இல்லை. இல்லை என்றால், கறக்கத் தெரிந்த ஒரு கையும் ஒரு சுத்தமான பாத்திரமுமே மடிக்குப் பாதுகாப்பு.