ஸ்டெதாஸ்கோப் சேரிக்கு வரட்டும்

"இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே சார்?" பதினேழு வயது மகளின் இதயத்தில் ஓட்டை என்று தெரிந்த அன்று அந்த அம்மா எங்களிடம் கேட்டது இது. மூச்சு வாங்குகிறது என்று போனபோதெல்லாம் ரத்தசோகை மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். காலனிப் பிள்ளை என்றால் சத்துக்குறைவாகத்தான் இருக்கும் என்ற முன்முடிவு. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே இருக்கும் ஓட்டை இது. பெண்களுக்கே அதிகம். சிறியவை பல தானாக மூடிக்கொள்ளும். பெரியவை நுரையீரலுக்கு அளவுக்கு மீறிய ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் வெளியே தெரியாது. நெஞ்சில் கேட்கும் கூடுதல் சத்தம் சந்தேகத்தைத் தரும், எக்கோ உறுதி செய்யும். சுவரின் நடுப்பகுதியில் இருந்து, சுற்றிலும் போதிய விளிம்பும் இருந்தால், தொடை ரத்தக்குழாய் வழியே ஒரு கருவியைச் செலுத்தி அடைத்துவிடலாம். மற்றவற்றுக்கு அறுவை சிகிச்சை. விட்டுவைத்தால் சிலருக்கு நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறி, பிறகு ஓட்டையை மூடவே கூடாத நிலை வந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமின்றி அடைத்தாகிவிட்டது. ஆக, சிகிச்சை இருக்கிறது. கண்டுபிடிப்பதில்தான் சாதி குறுக்கே நிற்கிறது.

பிறந்தது முதல் 18 வயதுவரை பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். வரும் நாளில் நம் பிள்ளைகள் எங்கே? அப்பா அம்மாவோடு செங்கல் சூளையில். அல்லது படிப்பை நிறுத்திவிட்டு நூற்பாலையில். இந்தப் பெண்ணும் சூளையில் வளர்ந்தவள்தான். பதிவேட்டில் அவள் "வரவில்லை", அவ்வளவுதான்.

எனவே நாங்கள் கேட்பது: வராத பிள்ளைகளின் பட்டியலோடு குழு சூளைக்கும் ஆலைக்கும் போகட்டும். தாலுகா மருத்துவமனையில் மாதம் ஒருநாளாவது எக்கோ பார்க்கட்டும். பெரிய மருத்துவமனைக்கு அலையும் நாட்களுக்குப் பஸ் செலவும் இழந்த கூலியும் தரட்டும்.

நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணம் தடைபடும் என்று பெண்பிள்ளையின் இதய நோயை மறைக்காதீர்கள். அடிக்கடி சளி பிடித்தால், ஓடினால் இளைத்தால், மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். "நெஞ்சில் வைத்துப் பாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். அது சலுகை அல்ல, உரிமை.