தலையில் அடிபட்ட பிள்ளையை மறுபடி ஆட்டத்துக்கு அனுப்பாதீங்க

1/
கொஞ்சம் நீளமான இழை. கால்பந்து விளையாடுற பிள்ளைகளோட அப்பா அம்மா, கோச், ஏரியாவுல கிளப் நடத்துற அண்ணன்மார் எல்லாரும் கடைசி வரை படிச்சிடுங்க. கால்பந்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லைன்னாலும் படிங்க. கபடியோ கிரிக்கெட்டோ சைக்கிளோ, பிள்ளைக்கு இருக்கிறது ஒரு தலைதான்.

2/
வடசென்னையில் பிள்ளைகளுக்கான ஒரு கால்பந்து கிளப்போட வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கேன். போன மாசம் ஒரே வாரத்தில் வந்த சேதிகள் இவை. கோடை முகாமுக்குப் பேர் கொடுக்க ஞாயிறு கடைசி நாள். வீட்ல சின்னதாப் போன பூட்ஸ் இருந்தா கொண்டு வாங்க, சின்னப் பசங்களுக்கு ஆகும். பெண் பிள்ளைகளுக்கு இனி காலை 6 மணிக்குப் பயிற்சி. 14 வயசுக்குட்பட்டோர் டீம் செமி ஃபைனலுக்குப் போயாச்சு.

படிக்கவே சந்தோஷமா இருந்தது.

அடுத்து ஒரு போட்டோ. கோல்கீப்பர் பையன், நெத்தியில் பிளாஸ்திரி. "போஸ்ட்ல தலை மோதி விழுந்தும் வெளிய வராம கடைசி வரைக்கும் நின்னு டீமைக் காப்பாத்தின சிங்கம்"னு எழுதியிருந்தாங்க. கீழே வரிசையா கைதட்டல்.

என்னால கைதட்ட முடியலை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த இழை.

3/
பெற்றோர் அனுமதியோடு இதைச் சொல்றேன். அன்னிக்கு ராத்திரி அந்தப் பையன் ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். வெயில் சூடுன்னு நினைச்சு அம்மா மோர் கொடுத்தாங்க. மறுநாள் ஸ்கூல்ல போர்டு எழுத்து கலங்கித் தெரிஞ்சது, லைட் கண்ணைக் கூசுச்சு, தம்பி மேல சும்மா சும்மா எரிஞ்சு விழுந்தான். மூணாவது நாள்தான் என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. நல்லவேளை, மூளையில் ரத்தக்கசிவு இல்லை. பழையபடி ஆக மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. இப்ப நல்லா இருக்கான்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவன் சொன்ன பதில்தான் முக்கியம். "எந்த கோலைத் தடுத்தப்பா?" "ஞாபகம் இல்லை டாக்டர். ஜெயிச்சோம்னு ஃபிரெண்ட்ஸ் சொன்னாங்க."

4/
இதுக்கு கன்கஷன்னு பேர். தமிழ்ல மூளை அதிர்வுன்னு வச்சுக்கலாம். மூளை மண்டை ஓட்டுக்குள்ள ஒரு திரவத்தில் மிதந்துட்டு இருக்கு. தலை வேகமா வந்து சட்டுனு நின்னாலோ, சுழன்றாலோ, உள்ளே மூளையும் குலுங்கும். நரம்பு செல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற உப்புகளோட சமநிலை கலையும். அதைச் சரி செய்ய செல்களுக்கு அதிக சக்தி தேவைப்படும். ஆனா அதே நேரத்தில் மூளைக்குப் போற ரத்த ஓட்டம் குறையலாம். வேலை கூடுது, வரவு குறையுது. மூளை தடுமாறுறது இதனாலதான்.

5/
பிள்ளைகளுக்குக் கழுத்துத் தசை இன்னும் பலப்பட்டிருக்காது. உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு. மூளை வளர்ந்துட்டே இருக்கிற வயசு. பெரியவங்க பெரும்பாலும் ரெண்டு வாரத்தில் தேறிடுவாங்க. பிள்ளைகளுக்கு நாலு வாரம் வரைகூட ஆகலாம்.

6/
மைதானத்தில் நான் அடிக்கடி கேட்கிற மூணு வசனம் இருக்கு.

"மயக்கம் போடலையே, ஒன்னும் ஆகாது." தப்பு. கன்கஷன் ஆன பெரும்பாலானவங்களுக்கு மயக்கமே வராது.

"ஸ்கேன்ல ஒன்னும் இல்லை, அப்ப விளையாடலாம்." இதுவும் தப்பு. சிடி ஸ்கேன் எடுக்கிறது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இருக்கான்னு பார்க்க. கன்கஷன் அதில் தெரியாது. அடிபட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் தேவையும் இல்லை. யாருக்கு வேணும்னு டாக்டர் பார்த்து முடிவு பண்ணுவார்.

"மூஞ்சில தண்ணி அடி, சோடா குடு, எழுந்து ஓடுவான்." எழுந்து ஓடுவான்தான். அதனாலதான் பயமே. கால் ஓடும், மூளை வேலை செஞ்சிருக்காது.

7/
நம்பிக்கை வரலையா? 2014 உலகக்கோப்பை இறுதிப் போட்டி, ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி வீரரோட தோளில் தலை மோதி விழுந்தார். எழுந்தார், ஆடினார். கொஞ்ச நேரத்தில் நடுவர்கிட்ட போய், "இது ஃபைனல்தானே?"ன்னு கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கலை, உண்மையிலேயே தெரியாமத்தான் கேட்டார். 31வது நிமிஷம்தான் வெளியே எடுத்தாங்க. அன்னிக்கு முதல் பாதியில் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லைன்னு பிறகு சொன்னார்.

உலகத்தோட பெரிய மேட்சில், அத்தனை டாக்டர், அத்தனை கேமரா இருந்தும் இதுதான் நிலைமை. அப்ப நம்ம மண் மைதானத்தில்?

8/
இன்னொருத்தர் லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் கேரியஸ். 2018 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். எதிரணி வீரரோட முழங்கை தலையில் பட்டது, தொடர்ந்து ஆடினார். அதுக்கப்புறம் ரெண்டு பெரிய தப்பு செஞ்சார், லிவர்பூல் 3-1னு தோத்தது. உலகமே கேலி பண்ணிச்சு, கொலை மிரட்டல் வரைக்கும் வந்துச்சு. சில நாள் கழிச்சு அமெரிக்காவில் பரிசோதிச்ச டாக்டர்கள், அவருக்கு கன்கஷன் இருந்தது, அது அவரோட ஆட்டத்தைப் பாதிச்சிருக்கலாம்னு சொன்னாங்க.

அடிபட்டும் ஆடி ஜெயிச்சா சிங்கம். அடிபட்டு ஆடித் தோத்தா கோமாளி. ரெண்டிலும் அந்தத் தலைக்குள்ள என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கலை.

9/
பயமுறுத்த எனக்குப் பிடிக்காது. ஆனா இதைச் சொல்லித்தான் ஆகணும். முதல் அதிர்விலிருந்து மூளை தேறுறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தா, சில சமயம் மூளை வேகமா வீங்கி உயிரே போயிடும். அபூர்வம்தான். ஆனா இப்படி உயிரிழந்தவங்களில் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயசுப் பிள்ளைகள். 2011ல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி மேட்ச் ஒன்றில் பல தடவை அடிபட்டும் தொடர்ந்து ஆடின 14 வயசு மாணவன் இப்படித்தான் இறந்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009லயே சட்டம் போட்டது. கன்கஷன் சந்தேகம் இருந்தா பிள்ளையை உடனே வெளியே எடுக்கணும், மருத்துவ அனுமதி எழுத்தில் இல்லாம திரும்ப ஆட விடக்கூடாதுன்னு. 2014க்குள் அங்கே 50 மாநிலங்களிலும் இதுபோல சட்டம் வந்தாச்சு. நாம சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு கிளப் ஒரு சாயந்திரம் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தா போதும்.

10/
விதி ரொம்ப எளிது. தலையில் அடிபட்டு சந்தேகம் வந்தா, அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது. "பத்து நிமிஷம் உட்கார வச்சுப் பார்க்கலாம்" கிடையாது. ஃபைனலா இருந்தாலும் கிடையாது.

எப்ப சந்தேகப்படணும்? தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் கூச்சம், நடை தள்ளாட்டம், சொன்னதையே திரும்பச் சொல்றது, வெறிச்சுப் பார்க்கிறது, காரணமில்லாம அழுகை, கோபம். கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா கேளுங்க: இது எந்த கிரவுண்ட்? முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா கோல் போட்டது யாரு? பதில் தடுமாறினா வெளியே. சரியா சொல்லிட்டாலும், பிள்ளையைப் பார்த்தா உங்களுக்கு உறுத்தினா வெளியே.

11/
கீழே உள்ளதில் ஒன்னு இருந்தாலும் உடனே 108 கூப்பிடுங்க:

- நினைவு தப்புவது
- வலிப்பு
- திரும்பத் திரும்ப வாந்தி
- கூடிக்கிட்டே போகும் தலைவலி
- எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கிட்டே போகும் குழப்பம்
- ரெண்டு ரெண்டா தெரிவது
- கை காலில் பலமின்மை, மரத்துப்போவது
- காது, மூக்கிலிருந்து ரத்தமோ தண்ணி மாதிரியோ வடிவது
- கழுத்து வலி

கழுத்து வலி இருந்தா, இல்ல நினைவில்லாம கிடந்தா, தூக்கி உட்கார வைக்காதீங்க. தோள்ல போட்டுட்டு ஓடாதீங்க. தலையையும் கழுத்தையும் அசையாம பிடிச்சுட்டு, மூச்சு இருக்கான்னு பார்த்துக்கிட்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்க.

12/
மத்த பிள்ளைகளையும் அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. முதல் ஒன்னு ரெண்டு நாள் ஓய்வு, செல்போன் குறைவா. இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்க வைக்கிற பழைய முறை வேண்டாம். வீட்டுக்குள்ள நடக்கட்டும். டாக்டர் பார்த்துச் சரின்னுட்டா தூங்கலாம், அதுல பயமில்லை.

முதல்ல பள்ளிக்கூடம், அப்புறம்தான் மைதானம். நடை, மெதுவான ஓட்டம், பந்தோடு தனிப் பயிற்சி, டாக்டர் அனுமதி, பிறகு டீமோட பயிற்சி, கடைசியா மேட்ச். ஒவ்வொரு படிக்கும் நடுவில் குறைஞ்சது ஒரு நாள். தொந்தரவு திரும்பினா ஒரு படி பின்னால. பிரிட்டன்ல 2023ல் வந்த வழிகாட்டுதல், அடிபட்டு 21 நாளுக்குள்ள மேட்ச் ஆடக்கூடாதுன்னு சொல்லுது. நானும் அதையேதான் சொல்வேன்.

13/
இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். கஷ்டம் வேற இடத்தில் இருக்கு. பிள்ளை வாயைத் திறந்து சொல்லணுமே?

அந்தப் பையன்கிட்ட "தலை வலிக்குதுன்னு ஏன் சொல்லலை?"ன்னு கேட்டேன். "சொன்னா உட்கார வச்சிடுவாங்க. அடுத்த மேட்சும் வேற பையன் நிப்பான்"னான்.

வியாசர்பாடி, காசிமேடு தொடங்கி குமரி மாவட்டத்து தூத்தூர், இரவிபுத்தன்துறை வரைக்கும் பாருங்க. கால்பந்து அங்கே பொழுதுபோக்கு மட்டும் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு, ஒரு வேலை, வீட்டுக்கு ஒரு விடிவு. இரவிபுத்தன்துறை கடற்கரையிலிருந்துதான் மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் வரைக்கும் போனார். அந்தக் கனவோட நிக்கிற பிள்ளை தலைவலியை மறைக்கத்தான் செய்யும். அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மறைக்க வேண்டிய அவசியத்தை எடுத்துவிடணும்.

14/
கோச் அண்ணன்மாருக்கு: நீங்க சம்பளம் வாங்காம, பல நேரம் கைக்காசு போட்டுத்தான் இதை நடத்துறீங்கன்னு தெரியும். அதனால காசு செலவில்லாத மூணு விஷயம் மட்டும் கேட்கிறேன்.

ஒன்னு, சீசன் தொடங்குற முதல் நாள் எல்லாப் பிள்ளைகள் முன்னாடியும் சொல்லுங்க: "தலையில அடிபட்டு வெளிய வந்தவன் இடம் அவனுக்கே. தேறி வந்ததும் அவன்தான் இறங்குவான்." சொன்னதைக் காப்பாத்துங்க.

ரெண்டு, வெளியே எடுக்கிற முடிவை ஸ்கோரைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட கொடுங்க. ஒரு பெற்றோரா இருக்கலாம், பழைய பிளேயரா இருக்கலாம். அவர் கை தூக்கினா கோச்சும் கேட்கணும்.

மூணு, டோர்னமென்ட் நடத்துறவங்க, தலையில் அடிபட்டவருக்கு பதிலா ஒரு கூடுதல் மாற்று வீரரை அனுமதியுங்க. 2024 ஜூலையிலிருந்து கால்பந்து விதிப் புத்தகமே இதுக்கு இடம் கொடுக்குது. ஆள் குறையும்ங்கிற பயம் போனா, பாதிப் பிரச்சினை போச்சு.

15/
ஹெட்டிங் பத்திக் கேட்பீங்க. அமெரிக்காவில் 2015லயே 10 வயசும் அதுக்குக் கீழேயும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஹெட்டிங் வேண்டாம்னு முடிவெடுத்தாங்க. இங்கிலாந்தில் 2020ல், தொடக்கப்பள்ளி வயசுக்காரங்களுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் இல்லைன்னு வழிகாட்டுதல் வந்தது. நம்ம கிளப்களும் இதைப் பின்பற்றலாம். அந்த வயசில் கால்ல பந்து பழகினாலே நிறைய இருக்கு.

16/
பெற்றோருக்கு: "இவ்ளோ ஆபத்தா? இனி கிரவுண்ட் பக்கமே போகாதே"ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. நான் சொல்ல வந்தது அது இல்லவே இல்லை. 5 முதல் 17 வயசு வரை தினமும் சராசரி 60 நிமிஷம் உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. செல்போனோட சோபாவில் வளர்ற பிள்ளைகளின் உடல் பருமனை நான் கிளினிக்ல தினமும் பார்க்கிறேன்.

முக்கியமா பெண் பிள்ளைகள். பையனுக்கு அடிபட்டா "பாத்து விளையாடு"ங்கிறோம். பொண்ணுக்கு அடிபட்டா "போதும், நிறுத்து"ங்கிறோம். தமிழ்நாடு பெண்கள் அணி 2018லயும் 2023லயும் தேசிய சாம்பியன். அந்த வீராங்கனைகளும் ஏதோ ஒரு தெரு மைதானத்தில் விழுந்து எழுந்தவங்கதான். ரெண்டு பேருக்கும் ஒரே விதி போதும்: அடிபட்டா வெளியே, தேறினா உள்ளே.

17/
கடைசியா ஒன்னு. ஒரு கிளப் எதுக்குக் கைதட்டுதோ, அதைத்தான் பிள்ளைகள் கத்துக்கும். அடிபட்டும் ஆடினவனுக்கு மட்டும் கைதட்டினா, அடுத்த பிள்ளை அடியை மறைக்கும். "எனக்கு ஒரு மாதிரி இருக்கு, மாத்திடுங்க"ன்னு சொன்ன பிள்ளைக்கும், ஜெயிக்கிற நேரத்திலும் அவனை வெளியே எடுத்த கோச்சுக்கும் கைதட்டிப் பாருங்க. அந்தச் சேதியையும் போட்டோவோட குழுவில் போடுங்க.

மேட்ச் அடுத்த வாரமும் வரும். இந்த இழையை உங்க ஏரியா கிளப் குழுவில் பகிருங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.