ஆல் இங்கிலாந்து பட்டத்தின் மதிப்பு

1899இல் லண்டனில் தொடங்கிய ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் போட்டிக்கு, 1977இல் உலக சாம்பியன்ஷிப்பும் 1992இல் ஒலிம்பிக் பதக்கமும் வந்தபின் மவுசு குறைந்துவிட்டது என்பவர்கள் உண்டு. அது சரியல்ல. இங்கே ஆண்டுதோறும் பட்டத்தைக் காக்க வேண்டும். இந்தோனேசியாவின் ரூடி ஹார்தோனோ 1968 முதல் 1974 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றதை வேறு எந்த அளவுகோலால் அளப்பது?

1980 இறுதியாட்டத்தையே பாருங்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளும் வென்றிருந்த லியெம் சுவீ கிங், துள்ளியெழுந்து ஸ்மாஷ் அடிப்பதில் சூரர். அவரை எதிர்த்த இந்தியாவின் பிரகாஷ் படுகோன் வேகத்துக்கு வேகம் காட்டவில்லை. பந்தை வலையோரம் மெல்ல இறக்கி லியெமின் தாளத்தையே கலைத்து, 15-3, 15-10 என வென்றார். 2001இல் இன்னொரு இந்தியரான கோபிசந்தும் வென்றார். சாய்னா நேவால் 2015இலும் லக்‌ஷயா சென் 2022இலும் இறுதியில் தோற்றனர். பழம்பெருமை மட்டுமே என்றால் இத்தனை கடினம் ஏன்? ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஈடாக இந்தப் பட்டத்தையும் நம் அரசுகள் மதிக்க வேண்டும்.