இடம் உண்டா? அது நமதா?

இராயபுரத்தைக் கடந்து துறைமுகம் புகும் கண்டெய்னர்களை நம்மவர் நாள்தோறும் காண்கின்றனர். 1983ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் ஏற்பட்டது முதல் திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளுக்கு அவை புதியனவல்ல. ஒவ்வொன்றின்மேலும் நான்கு எழுத்துக்களும் ஆறு இலக்கங்களும், அவை பிழையற எழுதப்பட்டனவா என்று காட்டும் இறுதி இலக்கமொன்றும் உண்டு. எனினும் ஒரு பெட்டியின்மேல் மற்றொரு பெட்டியின் எண்ணையே முழுதும் எழுதிவிட்டால் அவ்விறுதி இலக்கம் யாது செய்யும்? கணக்குச் சரியென்றே சொல்லும்.

கணிப்பொறி வலையமைப்பிலும் இதையொத்த இடர் நேர்ந்ததுண்டு. ஒரே செய்தியை இரு வாயில்களின் வழியே அனுப்பவேண்டின், லினக்ஸ் கெர்னல் அதனைப் பிரதியெடுப்பதில்லை. நினைவகத்திலுள்ள ஒரே பஃபரை இரண்டிற்கும் பொதுவாக்கிவிடுகின்றது. இது சிக்கனமேயன்றிக் குற்றமன்று. ஆனால் டிரைவர்கள் பல, செய்திக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் தத்தம் கருவிக்குரிய தலைக்குறிப்பை எழுதுவன. ஒன்று எழுதியது புறப்படுமுன் மற்றொன்றும் அவ்விடத்திலேயே எழுதினால், முதற் செய்தி பிறர் குறிப்பைச் சுமந்து செல்லும். சரிபார்ப்புத் தொகையைக் கருவியே கணக்கிடும்படி விட்டிருந்தாலோ, கெட்டபின் கணக்கிட்ட தொகை கெட்ட செய்திக்கே பொருந்திவிடும். பழி கம்பியின்மேல் விழும்!

ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறியின் ஈதர்நெட் டிரைவராகிய எஸ்எம்எஸ்சி95எக்ஸ்எக்ஸ் இவ்வாறே நடந்துகொண்டது. வெற்றிடம் போதுமா என்று அது பார்த்தது. அவ்விடம் தனக்கே உரியதா என்று பார்க்கவில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜேம்ஸ் ஹியூஸ் என்பார் இதனைத் திருத்தினார். அதே மாதத்தில் எரிக் துமாசே என்பாரும் வேறு சில யூ.எஸ்.பி. டிரைவர்களில் அத்திருத்தத்தையே செய்தார். பழைய சோதனையை நீக்கி, எஸ்கேபி_கௌ_ஹெட் என்னும் செயற்கூற்றை அழைத்தலே திருத்தம். (இதிலுள்ள 'கௌ' பசுவன்று, 'எழுதுங்கால் பிரதியெடுத்தல்' என்பதைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துக்கள்.) பஃபர் பொதுவாயின் அது தலைப்பகுதிக்குத் தனிப்பிரதி எடுத்துத் தரும், தனியுடைமையாய் இடமும் போதுமாயின் ஒன்றும் செய்யாது.

எப்போதுமே பிரதியெடுத்துவிட்டால் தொல்லையில்லையே என்பாரும் உளர். அவர் கூற்றை நாம் ஏற்கிலோம். நொடிக்குப் பல்லாயிரம் செய்திகள் செல்லும் வழியில் வீண் பிரதி ஒவ்வொன்றும் நேரத்தை விழுங்கும். பொதுமையை ஒழித்தல் பரிகாரமன்று. எழுதுகிறவன் எழுதுமுன் வினவுதலே பரிகாரம். அக்கடமையைக் கெர்னலின் பிற பகுதிகள்மேற் சுமத்துதல் நியாயமாகாது; எழுதுவது டிரைவரே.

நம் மாணவர்கள் டிரைவர் எழுதியதும் ஒரு கம்பியைச் செருகி, மறுமுனையிலிருந்து மறுமொழி வரக் கண்டவுடன் மகிழ்ந்தெழுந்து விடுகின்றனர். ஒற்றை வாயிலில் இக்குறை பெரும்பாலும் தலைகாட்டாது. இரு வாயில்களைப் பாலமாக இணைத்து, இரண்டின் வழியும் ஒரே செய்தியைப் பரப்பி, சென்று சேர்ந்ததை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே அவர்தம் ஆய்வேட்டில் ஆசிரியர் ஒப்பமிடுதல் வேண்டும்.