‘எ லிட்டில் கன்சர்ன்டு’ன்னா என்ன அர்த்தம்?

‘மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ பார்த்திருக்கீங்களா? 1975ல வந்த படம். அதுல ஒரு கருப்புக் கவச வீரனோட கை வெட்டுப்பட்டுக் கீழே விழும். அவனோ வெறும் கீறல்தான்னு சொல்லிட்டுத் தொடர்ந்து சண்டைக்கு வருவான். ரத்தம் கண்ணுக்குத் தெரியறதால நாம உடனே சிரிச்சிடறோம். ரத்தம் தெரியாத இடத்துலதான் சிக்கல்.

போன வருஷ லீவுல அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில இன்டர்ன்ஷிப் செஞ்சேன். இங்கிலாந்து பையர் அனுப்பற மெயில்களைப் படிச்சு எக்செல்ல ஏத்தறது என் வேலை. எல்கேஜியில இருந்தே இங்கிலீஷ் மீடியம்ங்கிற நம்பிக்கை. ஒரு சிவப்பு டி-ஷர்ட்டோட லேப் டிப் பத்தி மெயில் வந்தது. ஷேட் விஷயத்துல ‘எ லிட்டில் கன்சர்ன்டு’, ‘பெர்ஹாப்ஸ்’ இன்னொரு தடவை பார்க்கலாம்னு இருந்தது. நான் ‘மைனர் கமெண்ட்’னு போட்டுட்டேன். மெர்ச்சண்டைசர் அண்ணன் என் ஷீட்டை நம்பித் துணியை டையிங்குக்கு அனுப்பிட்டார். லாட் முழுக்க ரிஜெக்ட். கடைசியில அந்தச் சிவப்பு மேலயே கருப்புச் சாயம் ஏத்தி வேற ஆர்டருக்குத் தள்ளினாங்க. திட்டு வாங்கினது அவர். எனக்கு சர்ட்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிட்டாங்க, அதுதான் இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம்தான் ‘யெஸ் மினிஸ்டர்’ பார்த்தேன். 1980ல பிபிசியில ஆரம்பிச்ச தொடர். அமைச்சர் ஜிம் ஹேக்கர் எதையாவது செய்யத் துடிப்பார். அதிகாரி சர் ஹம்ஃப்ரி அதைத் ‘துணிச்சலான’ முடிவுன்னு சொல்வார், அவ்வளவுதான். அமைச்சர் அரண்டு பின்வாங்கிடுவார். அந்த ஊர் அகராதியில அதுக்கு ‘தேர்தல்ல தோத்துடுவீங்க’ன்னு அர்த்தம். (2001ல இதையே ‘ஜீ மந்திரிஜி’னு இந்தியில எடுத்தாங்க. நம்ம ஆபீஸ்களுக்கும் பொருந்தாமலா இருக்கும்?) முதல் எபிசோட்ல எனக்குச் சிரிப்பே வரல. நாலாவதுல வந்தது. அன்னைக்கே பழைய மெயில்களை மனசுக்குள்ள ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், வயிறு கலங்கிடுச்சு.

இத்தனைக்கும் இது நமக்குப் புதுசே இல்லீங்க. எங்க ஊர் பாத்திரக் கடையில கடன் கேட்டா ‘பாக்கலாமுங்க’ன்னு பதில் வரும். யாரும் மறுநாள் போய் நிக்கறதில்லை. பொண்ணு பார்க்க வந்தவங்க பஜ்ஜி சாப்பிட்டுட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’னா, எந்த வீட்டுல போஸ்ட்மேனுக்காகக் காத்திருக்காங்க? தமிழ்ல உடனே பிடிபடறது இங்கிலீஷ்ல ஏன் தவறுது? கம்யூனிகேஷன் லேப்ல ‘குட் யூ ப்ளீஸ்’னு பேசத்தான் பயிற்சி. அடுத்தவங்க அப்படிப் பேசினா உள்ளே என்ன இருக்குன்னு கேட்கப் பயிற்சி கிடையாது.

நேராச் சொல்லித் தொலைச்சா என்னன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயம்தான். ஆனா அதே கம்பெனியில ஒடிசாவுல இருந்து வந்த ஒரு டெய்லர் அட்வான்ஸ் கேட்டப்ப சூப்பர்வைசர் ‘பாக்கலாம்’னார். அவர் மூணு நாளா அந்த டேபிள் பக்கம் வந்து வந்து நின்னார். எனக்கு அர்த்தம் தெரியும், நானும் சொல்லல.

பிளேஸ்மென்ட் செல்லுக்கு ஒரு கோரிக்கை: ஒரு மாக் இன்டர்வியூவைக் குறைச்சுட்டு ‘யெஸ் மினிஸ்டர்’ ஒரு எபிசோட் போடுங்க. யார் சிரிக்கலையோ, அவங்களோட உக்காந்து மறுபடி பாருங்க. அதுவரைக்கும் ‘பெர்ஹாப்ஸ்’னு மெயில் வந்தா வெட்கப்படாம திருப்பிக் கேட்டுடுங்க: அப்ரூவ்டா, ரிஜெக்டடா?