கண் புத்தகத்தில், கவனம் எங்கே?



ஜிந்துப்பிட்டியில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி சொல்வது: "டீச்சர், கண் புத்தகத்துலதான் இருக்குது, மனசு எங்கயோ." நாங்களும் வகுப்பில் இதற்காகவே பிள்ளைகளைத் திட்டியிருக்கிறோம். இது வேண்டுமென்றே செய்யும் குறும்பா?

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டிரின் மூர், கேதரின் ஆம்ஸ்ட்ராங் இருவரும் குரங்குகளில் ஒரு சோதனை செய்தார்கள். மூளையின் முன்பக்கத்தில் கண்ணைத் திருப்பும் பகுதி ஒன்று உண்டு. அங்கே மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்தார்கள். கண்ணைத் திருப்ப அது போதாது. கண் அசையவில்லை. ஆனால் அந்தப் பகுதி குறிவைக்கும் இடத்தைப் பார்க்கும் நரம்புக் கலங்கள், மூளையின் பின்பக்கத்தில், காட்சிக்குக் கூடுதல் பலத்தோடு பதில் கொடுத்தன. நாம் ஒன்றைக் கவனிக்கும்போதும் இதே போன்ற மாற்றம்தான் நடக்கிறது.

ஆகவே கண் ஓரிடத்திலும் கவனம் வேறிடத்திலும் இருப்பது மூளையின் இயல்பு. அதைக் கெட்ட குணம் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் டீவி, போன், சாதாரண தரப் புத்தகம் எல்லாமே ஒரே அறையில். புத்தகம் எப்படி வெல்லும்? மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் டீவியை நிறுத்துவோம், பெரியவர்களும் போனை வைப்போம். அப்படியும் பிள்ளையால் முடியவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுவோம். பிரம்பை எடுக்க வேண்டாம். எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.