'அரைக் கணக்காளர்'

பாதி வழி நடந்தவனைப் 'பாதி தூரம் வந்துவிட்டான்' என்பாரும் உளர். 'இன்னும் பாதி கிடக்கின்றது' என்பாரும் உளர். முகாமைக் கணக்கியற் பரீட்சைகள் சிலவற்றிற் சித்தியெய்தி, எஞ்சியவற்றுக்குப் படித்துக்கொண்டே தொலைத்தொடர்புக் கம்பனிகளிற் கடமையாற்றும் இளைஞரைப் பின்னையோர் 'அரைக் கணக்காளர்' என்பர். அப்பெயர் பொருந்தாது என்பதே என் கருத்து.

1919ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தோன்றிய கிரயக் கணக்காளர் நிறுவகமே இன்று 'சீமா' என வழங்குகின்றது. அதன் அடிப்படைச் சான்றிதழுக்கு மேல் மூன்று படிகள் உள. பரீட்சைகளோடு மூன்றாண்டு நடைமுறை அனுபவமும் வேண்டப்படும். எனவே, தொழில் செய்தல் அக்கல்விக்குப் புறம்பானதன்று; அதன் ஒரு கூறேயாம்.

அவ்வனுபவத்துக்குத் தொலைத்தொடர்புத் துறை தக்கதொரு களம். கோபுரமும் ஒளியிழையும் அமைத்தற்கே பெருஞ்செலவாகும். அமைத்தபின் மேலும் ஓர் அழைப்பைக் கொண்டுசெல்ல ஆகுஞ் செலவு மிகச் சிறிது. அங்ஙனமாயின் ஓர் அழைப்பின் கிரயம் யாது? பொதுச் செலவை எவ்வாறு பங்கிடுவது? இவற்றுக்கு விடை தேடுபவன் கிரயக் கணக்கின் உயிர்நிலையைத் தொடுகின்றான். முற்பணமாக வாடிக்கையாளர் செலுத்தும் ஆயிரம் ரூபா அன்றே வருமானமாகிவிடாது. அவர் பேசப் பேசவே வருமானமாகும். அதுவரை அது கம்பனியின் கடப்பாடு. 2019இல் நடைமுறைக்கு வந்த குத்தகை நியமத்தின்படி, பிறர் நிலத்திற் கோபுரம் நாட்டப் பெற்ற நீண்டகாலக் குத்தகையும் ஐந்தொகையிற் சொத்தாகவும் கடனாகவும் ஏறும். மாத முடிவிலே கண்விழித்து இவற்றை ஒப்புநோக்குவோருட் பலர் இவ் 'அரைக் கணக்காளரே'.

யானும் அவ்வழி நடந்தவன். இறுதிப் படிப் பரீட்சைக்கு முதல்நாள், கணக்கு முடியவில்லையென்று இரவு ஒன்பது மணிவரை என்னை இருத்தினர். அம்முறை தவறினேன். பழி முழுவதும் அவர்மேலன்று. முன்னரே லீவு கேளாத கூச்சம் என்னுடையது.

ஆதலால் இருசாராருக்கும் ஒன்று கூறுவேன். உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர்காள்! நிறைவான உழைப்பைப் பெற்றுக் குறைவான சம்பளம் கொடுக்கின்றீர். பரீட்சைக்கு முன் சில நாள் லீவாவது கொடுத்தல் தருமமன்று, கடன். இளைஞர்காள்! சம்பளம் சற்றே உயர்ந்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர். குடும்பப் பொறுப்பு வந்தபின் எஞ்சிய பாதி இருமடங்கு கனக்கும். வழியிலுள்ள மடம் இளைப்பாறுதற்குரியது, குடியிருத்தற்குரியதன்று.